பழைய வீட்டில் புதுக் குளியலறை: டைல்ஸுக்கு முன்னால் தண்ணீர் போகும் வழி

தேவகோட்டையில் பூர்வீக வீடு உள்ள வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "ஆத்தாவுக்கு 76 வயது, மூட்டுவலி. கழிப்பறையும் குளியலறையும் வீட்டின் கடைசிப் பகுதியான மூன்றாங்கட்டைத் தாண்டித் தோட்டத்தில் இருக்கின்றன. இரவில் அவர் போய்வருவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இரண்டாங்கட்டில் வெளிச்சுவரை ஒட்டிய சாமான் அறையில் 8 அடிக்கு 5 அடியில் ஒரு குளியலறை கட்டி, அடுப்படியையும் புதுப்பிக்க விரும்புகிறோம். கையில் 8 லட்சம் இருக்கிறது. ஒரு காண்டிராக்டர் அடுப்படிக்கு 3,90,000, குளியலறைக்கு 2,60,000, புதிய செப்டிக் டேங்குக்கு 90,000, ஆக மொத்தம் 7,40,000 என்று எழுதிக் கொடுத்து, 60 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். 25 நாளில் முடித்துவிடுவாராம். இடிபாட்டையும் பழைய சாமான்களையும் இலவசமாகவே அள்ளிக்கொண்டு போய்விடுவாராம். அப்பச்சியின் சதாபிஷேகத்துக்கு இன்னும் 40 நாள்தான் இருக்கிறது. தொகை நியாயமானதா? பழைய வீடு இந்த வேலையைத் தாங்குமா?"

வீடு தாங்கும். ஆனால் அந்தக் கொட்டேஷனில், இன்று இருக்கிற வடிவத்தில், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் "இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறேன்" என்ற வரியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அதுதான். நூறு ஆண்டுப் பழைமை கொண்ட ஒரு செட்டிநாட்டு வீட்டின் சாமான் அறையையும் அடுப்படியையும் பிரிக்கும்போது வெளியே வருவது வெறும் செங்கல் தூள் மட்டும் இல்லை. பர்மாத் தேக்கில் செய்த நிலையும் கதவும், இரும்புக் கம்பி போட்ட சன்னல், ஒரே கல்லில் குடைந்த தொட்டி, அம்மி, ஆட்டுக்கல், பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்துதான் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய் இவை என்ன விலைக்கு விற்கின்றன என்று விசாரித்துவிட்டு வந்தால், "வேஸ்ட்" என்ற சொல்லை அவர் ஏன் அத்தனை முறை பயன்படுத்தினார் என்பது விளங்கிவிடும். பல ஆண்டுகளுக்கு முன், நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டிலேயே, நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் இரட்டைக் கதவு ஒன்றும் நான்கு தேக்குப் பலகைகளும் இடிபாட்டோடு டிராக்டரில் ஏறிப் போய்விட்டன; அந்த வீட்டு ஆச்சி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, எண்ணிட்டு, ஓர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் தூளை மட்டும் கூலி கொடுத்து அள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர் போகும் வழி. குளியலறை என்றதும் எல்லோரும் டைல்ஸ் கடைக்குத்தான் முதலில் போகிறார்கள். நான் முதலில் செப்டிக் டேங்குக்குப் போகச் சொல்வேன். உங்கள் சாமான் அறையிலிருந்து தோட்டத்து டேங்க் வரை 45 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறையிலிருந்து வரும் நாலு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற கணக்கில் வாட்டம் வேண்டும், அதாவது 40 அங்குலம் போவதற்குள் ஓர் அங்குலம் இறங்க வேண்டும். 45 அடி என்பது 540 அங்குலம். அதற்கு 13½ அங்குல இறக்கம் தேவை. நம் பக்கத்து வீடுகள் மண்மட்டத்திலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டப்பட்டவை என்பதால் இந்த இறக்கம் உங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும், மாடி வீட்டுக்காரர்களைப் போலத் தளத்தைத் தாழ்த்தி வார்க்க வேண்டிய தேவையும் இல்லை. குழாயை மட்டும் மூன்றாங்கட்டுத் தரைக்கு அடியில் கொண்டுபோக விடாதீர்கள். வெளிச்சுவரைத் துளைத்துப் பக்கவாட்டுச் சந்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து பார்க்கும்படி மூடி போட்ட ஒரு சேம்பர் கட்டி, அங்கிருந்து டேங்குக்குப் போக வேண்டும். தரைக்கு அடியில் ஓர் இணைப்பு கசிந்தால், அடித்தளத்தில் நிரப்பியிருக்கும் மண் கரைந்து தளம் இறங்கும், கரையான் ஏறும்; இரண்டையும் கண்டுபிடிப்பதற்குள், கையால் செய்த பூ வேலைப்பாட்டு ஆத்தங்குடிக் கல் தளத்தைப் பெயர்க்க வேண்டி வந்துவிடும். அந்தச் சந்து உங்கள் பங்குக்கு உரியதா, பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவா என்று பார்த்து, பொதுவாக இருந்தால் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய செப்டிக் டேங்க் வேண்டுமா என்பதை, பழையதைத் திறந்து பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. திறந்து பார்க்காமலே 90,000 என்று எழுதியிருக்கிறார். லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று மேலிருந்தே விளக்கடித்துப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, விஷவாயு தாக்கினால் ஓர் உயிர் போய்விடும். புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், டேங்கிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழி, கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது ஏறக்குறைய 60 அடி, தள்ளியிருக்க வேண்டும். அவர் குறித்துக் கொடுத்த இடம் கிணற்றுக்கு 30 அடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கூடவே கூடாது.

இனித் தொகைக்கு வருகிறேன். "மொத்தக் குத்தகை" என்று ஒரே வரியில் தொகை எழுதப்பட்ட எந்தக் காகிதத்தையும் ஏற்காதீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் கொட்டேஷனில் அளவு கொடுக்கப்பட்டிருக்கும் ஒரே இனம் குளியலறை டைல்ஸ்: 350 சதுர அடி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 182 சதுர அடி. மூன்றடிக் கதவுக்கு 21, சிறிய சன்னலுக்கு 3 கழித்தால் மிச்சம் 158. தளம் 40. ஆக 198. உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்து சதவீதம் கூட்டினாலும் 218-தான் வருகிறது. மிச்சமுள்ள 132 சதுர அடிக்குப் பொருள் விலை, ஒட்டுக்கூலி, இரண்டையும் நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள். அளவு எழுதிய ஒரே வரியில் இப்படி என்றால், அளவே எழுதாத வரிகளில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். பொருளை நீங்கள் பில் போட்டு வாங்கிக் கொடுங்கள், கூலியை மட்டும் இனவாரியாகப் பேசுங்கள். கடைக்கு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அவருக்கான கமிஷன் உங்கள் விலையிலேயே ஏறிவிடும், அதைக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"ஜி.எஸ்.டி. தனி" என்று அடியில் எழுதியிருக்கிறார், ஆனால் எண்ணைக் காணோம். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்க முடியாது. பதிவு செய்திருந்தால், தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும், 15 இடங்கள் கொண்ட எண் ஒன்று இருக்கும். அதை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர் வந்துவிடும். சிமெண்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் நினைவில் வையுங்கள். பழைய வரியை வைத்தே விலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் 8 லட்சத்தில் 15 சதவீதத்தை, அதாவது 1,20,000 ரூபாயை, முதலிலேயே தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, 6,80,000 மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பழைய வீட்டில் ஒரு சுவரைத் தட்டினால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று முப்பது ஆண்டு அனுபவம் உள்ள கொத்தனாராலும் சொல்ல முடியாது.

அட்வான்ஸ் 60 சதவீதம் என்பது, வேலை தொடங்கும் முன்பே உங்கள் பிடி முழுவதையும் அவர் கையில் கொடுப்பதற்குச் சமம். பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். குழாய் பதித்துச் சோதித்தபின் ஒரு பகுதி, தண்ணீர் தேக்கிப் பார்த்தபின் ஒரு பகுதி, டைல்ஸ் முடிந்தபின் ஒரு பகுதி என்று கொடுத்து, கடைசிப் பத்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பேச்சைக் கேட்டுச் சிலர் தவறான இடத்தில் கறாராக நடந்துகொண்டிருக்கிறார்கள். அடுப்படியில் உடைந்த தளத்துக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்கிறீர்கள். அது சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் வார்ப்புச் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி எடுப்பது. உங்கள் பழைய தளத்தின் பூவுக்கும் நிறத்துக்கும் பொருந்த ஒருவர் நூறு கல் செய்து வைத்துவிட்டு நீங்கள் வாங்காமல் போனால், அதை அவர் வேறு யாருக்கு விற்பார்? ஆகவே செய்பவரிடமே நேராகப் போய், மாதிரிக்கு இரண்டு கல் செய்து வாங்கி, அதைப் பழைய கல்லின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொண்டபின், பாதித் தொகையைத் தயங்காமல் முன்பணமாகக் கொடுங்கள். கூடுதலாக இருபது கல்லும் சொல்லிவிடுங்கள், பிறகு அதே நிறம் அமைவது கடினம். இடையில் ஒரு காண்டிராக்டர் நின்று "நான் வாங்கித் தருகிறேன்" என்றால், இந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது. அந்தக் கல்லைக் குளியலறைத் தளத்தில் போடச் சொல்கிறார் என்பதையும் பார்த்தேன். வேண்டாம், ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஒரே நாளில் நிறம் அரித்துவிடும், சோப்பு நீரில் உங்கள் ஆத்தாவின் கால் வழுக்கும். அங்கே சொரசொரப்பான சாதாரணத் தள டைல்ஸே போதும்.

சுவரைப் பற்றி ஒன்று. பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசுவதாகக் கொட்டேஷனில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும், அடைபட்ட ஈரம் இன்னும் உயரமாக ஏறிப் பக்கத்து அறையின் வழவழப்பான பூச்சைப் பொரிந்து உதிரச் செய்யும். பழைய சுவரில் குழாய்க்குக் காடி வெட்டவும் விடாதீர்கள். உள்பக்கம் அரைச்செங்கல் கனத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, குழாய், டைல்ஸ், கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அறையின் உள் அளவு சில அங்குலம் குறையும், குறையட்டும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது, அதை நீங்களோ உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரோ நேரில் நின்று செய்ய வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்தபின், தளத்தின் வடிகால் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நான்கு சுவரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்றில் நூல் அளவு வற்றியிருக்கலாம். விரற்கடை இறங்கியிருந்தால் கசிகிறது என்று பொருள். வெளிச்சுவரின் அடியையும் பக்கத்து அறையின் தரையோரத்தையும் உள்ளங்கை வைத்துத் தொட்டுப் பாருங்கள். "இரண்டு நாள் வேலை கெடுமே" என்பார்கள். கெடட்டும்.

ஆத்தாவுக்காகக் கட்டுகிறீர்கள் என்பதால், வாசலில் படி இருக்கக் கூடாது, கதவு மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே அவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். கமோடின் இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருக்கட்டும். இரவு விளக்கின் சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்ட வேண்டும்.

அடுப்படிக்கு 3,90,000 என்பதில் பெரும்பகுதி மாடுலர் பெட்டிகளுக்கே போகிறது. கடப்பைக் கல் தட்டுகளைச் செங்கல் சுவரில் பதித்து, முன்னால் கதவு மட்டும் போடுங்கள். கரையான் அரிக்காது, செலவும் வெகுவாகக் குறையும். கதவுக்குப் பிளைவுட் என்றால், தண்ணீர் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். மேடை உயரத்தைச் சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே குறியுங்கள்.

இத்தனையும் ஏன் நீங்களே பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விற்பனை நோக்கமில்லாத பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிப் புதுப்பிக்கிற குடும்பத்துக்கு ஒரு பதிவுமுறை, ஒரு மாதிரி ஒப்பந்தம், எதுவுமே ஏன் இல்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கொத்துக்கரண்டி பிடித்த ஆறு மாதத்தில் "பில்டர்ஸ்" என்று அட்டை அடித்துக்கொள்ள இங்கே எந்தத் தடையும் இல்லை. மிஞ்சியிருப்பது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை உள்ள வழக்குகளை அது விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, தகராறு எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பில்லும் ஒப்பந்தமும் இல்லாமல் போய் நின்றால் வழக்கு நிற்பது கடினம். ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. பிரிக்க 4 நாள், குழாய்க்கு 5, தளம் வார்த்து நீராற்ற (தண்ணீர் விட்டு இறுகச் செய்ய) 8, தடுப்புச் சுவர் எழுப்பிப் பூசி நீராற்ற 9, நீர்க்கசிவுத் தடுப்பும் சோதனையும் 5, டைல்ஸ் 6, டைல்ஸ் இடைவெளி நிரப்ப 2, குழாய்ச் சாமான் பொருத்த 3. யாரும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் இருந்தால் 42 நாள். 25 நாளில் முடிப்பவர் நீராற்றுவதையும் சோதனையையும்தான் விட்டுவிடுவார். சதாபிஷேகத்தை வீடு இருக்கிறபடியே நடத்துங்கள். விருந்தினர் வருகிற நேரத்தில் அடுப்படி இடிந்து கிடக்க வேண்டாம். அதுவரை ஆத்தாவின் கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலியை வாங்கிப் போட்டு, இரவில் அவர் தோட்டத்துக்குப் போவதை இன்றிலிருந்தே நிறுத்திவிடுங்கள். இந்த 40 நாளில் டேங்கைத் திறந்து பார்ப்பதும், ஆத்தங்குடிக்குப் போய் மாதிரிக் கல் சொல்வதும், இன்னும் இரண்டு பேரிடம் இனவாரியாகக் கூலி எழுதி வாங்குவதும் நடக்கட்டும்.