கேள்வி-பதில்: படத்தை விடுங்கள், தாளைப் பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடிப் பாலமும் வாவியும் தெரிகிற அச்சுப்படம் 1850ஆம் ஆண்டினது என்று 22,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? (ஆரையம்பதி வாசகர்)

பதில்: பழைய கல்லடிப் பாலத்துக்கு பிரித்தானிய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயர். மானிங் ஆளுநராக வந்ததே 1918இல். மீதியை நீங்களே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் 35,000 ரூபாய் கொடுத்து மட்டக்களப்புக் கோட்டைப் படம் வாங்கினேன். டச்சுப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலின் பக்கம் என்றார்கள். மருமகன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எல்லாம் புள்ளி. கடைக்காரர் பணம் திருப்பித் தர மறுக்கிறார். (ஓய்வுபெற்ற ஆசிரியை, அக்கரைப்பற்று)

பதில்: டீச்சர், வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். பால்டேயஸின் படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கியவை. கீறலில் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். கோடு விரல் நுனிக்கு மெல்லத் தட்டுப்படும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். வரிசை வரிசையான புள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த அச்சுமுறை. பழசாகக் காட்டத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தாலும் புள்ளி கோடாகாது.

பற்றுச்சீட்டில் '1672' என்று எழுதியிருந்தால் உங்கள் பிடி பலமானது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். தொலைபேசி எண் 1977.

நானும் ஏமாந்தவன்தான். கொழும்பில் ஒரு கடையில் நெல்வயலும் மாட்டுவண்டியுமாக ஒரு படம் வாங்கி, ஆறு வருடம் வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தேன். கண்ணாடி உடைந்த அன்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் நாட்காட்டியின் மார்ச் மாதம்.

கேள்வி: பழைய படம் ஒன்றை முகநூலில் பார்த்து 15,000 ரூபாய் முற்பணம் அனுப்பினேன். பற்றுச்சீட்டு இல்லை, விற்பவர் பெயரும் தெரியாது. (கல்முனை)

பதில்: தம்பி, ஒரு கிலோ மீன் வாங்கினாலும் செவுளைப் பிரித்துப் பார்க்கிற ஊர் நம்முடையது. வங்கிச் சீட்டை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள்.

கேள்வி: 'இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகைப் படம் ஒன்று கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தேன். ஓரம் பெரிதாக இருக்கிறது என்று கடைக்காரர் வெட்டிவிட்டார். மதிப்புக் குறையுமா? (செங்கலடி)

பதில்: குறையும். இதைப் படிக்கும்போதே எனக்கு இரத்தம் கொதிக்கிறது. தாளின் ஓரம் வீண் இடம் அன்று. படத்தின் பெயர், செதுக்கியவர் பெயர், சில வேளை வெளியீட்டாளர் பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் சட்டம் கையிருப்பில் எந்த அளவில் இருக்கிறதோ, அந்த அளவுக்குப் படத்தை வெட்டுகிறார்கள். செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. பிறகு மலிவு அட்டையில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். அந்த அட்டையின் அமிலம் ஏறித் தாள் பழுத்துப் போகும். இனிமேல் கொடுக்கும்போது 'வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது' என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அமிலமற்ற அட்டை கேளுங்கள். இல்லையென்றால் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தப் பத்திரிகை 1842இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் மரக்கட்டையில் செதுக்கிய படங்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. உங்களுடையதில் வண்ணம் இருந்தால் அநேகமாகப் பின்னாளில் யாரோ பூசியதாக இருக்கும். வண்ணத்துக்கென்று கூடுதல் பணம் கொடுத்தீர்களா? எழுதவில்லை, கொடுத்திருப்பீர்கள்.

கேள்வி: மாரி மழைக்குப் பிறகு படத்தில் பழுப்புப் புள்ளிகள். வெளிற்றுத் தூள் போட்டுத் துடைக்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: கூடாது. வாவிப் பக்கச் சுவரிலிருந்து கழற்றி, உள்சுவரில் மாட்டுங்கள்.