முலாம் பூசவா எம்.எஸ்சி. படித்தாள்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர். மீக்கடத்தி மென்படலத்தை மின்வேதியியல் முறையில் படியவைத்து, உலையில் சூடுபடுத்தும் ப்ராஜெக்டை எடுக்கப் போகிறாள். (நன்றாகக் குளிர வைத்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி.) "முலாம் பூசவா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தாய்? பேசாமல் பி.எட். சேர்த்துவிடு" என்கிறார் உங்கள் அண்ணன்.

அவர் மேல் வருத்தப்படாதீர்கள். அது முலாம் பூசும் வேலைதான். சிதம்பரம் கவரிங் வளையலுக்குத் தங்கம் ஏறுவதும் இதே கணக்குத்தான்: ஒரு கரைசல், இரண்டு மின்வாய்கள், கொஞ்சம் மின்சாரம். ஆனால் தங்கமும் செம்பும் தண்ணீர்க் கரைசலிலேயே சமர்த்தாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் மகள் படியவைக்க வேண்டியது இட்ரியம், பேரியம், செம்பு என மூன்று உலோகங்கள், அதுவும் 1:2:3 என்ற விகிதத்தில். ஓர் உலோகம் எவ்வளவு சுலபமாகப் படியும் என்று காட்டுவது ஒடுக்க மின்னழுத்தம்; எண் கீழே போகப் போகப் படியவைப்பது கடினம். செம்புக்கு அது +0.34 வோல்ட். இட்ரியத்துக்கு −2.37, பேரியத்துக்கு −2.91. அவ்வளவு கீழே இறங்குவதற்குள் தண்ணீரே பிரிந்து ஹைட்ரஜன் கொப்பளித்துவிடும். அதனால் தண்ணீரை விட்டுவிட்டு, டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானுக்குப் போகிறார்கள். (18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும் திரவம் அது. லேபில் ஏசியைக் கூட்டி வைத்தால், மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி பாட்டிலுக்குள் கட்டியாகி நிற்கும்.) செம்பு முந்திக்கொண்டு ஓடிவரும் என்பதால் அதன் உப்பை மட்டும் கரைசலில் குறைத்துப் போட வேண்டும். இதையெல்லாம் கைப்பழக்கமாக்கிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும்.

இப்படிப் படிந்து வருவது இன்னும் மீக்கடத்தி ஆகவில்லை. வெறும் மங்கல் பூச்சு. அதற்கு உயிர் வருவது உலையில்தான். ஆக்சிஜன் ஓட்டத்தில் கிட்டத்தட்ட 900 டிகிரி வரை ஏற்றுவார்கள். அடித்தகடு பெரும்பாலும் வெள்ளியாக இருக்கும், ஏனென்றால் அது படலத்தோடு வினைபுரிந்து கெடுக்காது. வெள்ளி 961 டிகிரியில் உருகும் என்பதால் கை தவறவும் அதிக இடமில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் நிஜமான சோதனை: ஆற வைப்பது. 400, 500 டிகிரி அளவில் படலம் ஆக்சிஜனை உள்ளே வாங்கிக்கொள்ளும். வேதி வாய்பாட்டில் ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கை 7-ஐ நெருங்கினால் மீக்கடத்தி. 6-ஐ நெருங்கினால் மின்சாரமே போகாத கறுப்புத் தூள்.

என் எம்.எஸ்சி. நாட்களில் எங்கள் லேபில் இருந்தது டிம்மர்ஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்துக் கையால் திருப்பும் உலை. ஐந்தரை பஸ்ஸை விட்டால் ஊருக்கு வேறு வழி இல்லை என்று ஒருநாள் உலையை அணைத்து, சூடு ஆறுவதற்குள் மூடியைத் திறந்து மாதிரியை எடுத்துவிட்டேன். மறுநாள் திரவ நைட்ரஜனில் இறக்கி அளந்தால், மின்தடை குறைவதற்குப் பதில் ஏறுகிறது. மூன்று வார வேலை ஒரு பஸ்ஸுக்குப் போனது.

இவ்வளவு விவரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகள் கற்கப்போவதை "மீக்கடத்தி" என்ற பெயரை வைத்து எடை போடாதீர்கள். 1911-ல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் இதைக் கண்டபோது 4.2 கெல்வின் (சுமார் −269 டிகிரி) வரை குளிர வைக்க வேண்டியிருந்தது, அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும். 1987-ல் இந்த இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு 90 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தியானது. 77 கெல்வினில் (சுமார் −196 டிகிரி) கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும் என்றானதால் கல்லூரி லேபுக்குள்ளும் இது வர முடிந்தது. மின்படிவு முறைக்கு விலையுயர்ந்த வெற்றிடப் பம்புகளும் வேண்டாம். கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் இந்த வழியில் நிறையவே வேலை நடந்திருக்கிறது.

அதற்காக, மீக்கடத்திக் கம்பெனிகள் வாசலில் வரிசையாகக் காத்திருக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். மீக்கடத்தி நாடா தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த அடுக்கை லேசர், ஆவிப்படிவு, வேதிப்பூச்சு ஆகிய முறைகளில்தான் பெரும்பாலும் போடுகின்றன. அந்த நாடாவைச் சுற்றி வரும் செம்புக் கவசத்தைப் பல இடங்களில் மின்முலாமாகப் பூசுகிறார்கள்! உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சிப்புக்குள் ஓடும் செம்புக் கம்பிகளும் மின்படிவில் வந்தவைதான்.

ஆக, அவள் கையில் தங்கப்போவது கரைசலையும் மின்னழுத்தத்தையும் உலையையும் கட்டுப்படுத்தும் பழக்கம். அதற்கு நம் பக்கத்திலேயே இடம் உண்டு. பேட்டரி, முலாம், துருத்தடுப்பு எல்லாம் மின்வேதியியல்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை காட்மியம் டெலுரைடு மென்படலத்தில்தான் சோலார் தகடு செய்கிறது. படியவைக்கும் முறை வேறு, ஆனாலும் படலம், வெப்பச் செயல்முறை என்ற பாஷை அவளுக்குப் புரியும். ஆராய்ச்சியே வேண்டுமென்றால் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அங்கேயோ வேறெங்கேயோ பிஎச்.டி. சேர சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. ப்ராஜெக்ட் நடக்கும்போதே தேர்வுக்கும் படிக்கச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு ஒரு வருஷத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பி.எட். எங்கேயும் ஓடிவிடாது, பிறகும் சேரலாம்.

சம்மதம் சொல்வதற்கு முன் அவளை ஒருமுறை லேபைப் பார்த்துவரச் சொல்லுங்கள். பொட்டென்ஷியோஸ்டாட் (மின்வாயின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேலை செய்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, திரவ நைட்ரஜன் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எக்ஸ்-கதிர் சோதனைக்கு மாதிரியை எங்கே அனுப்புவார்கள், அந்தக் கட்டணம் யார் பொறுப்பு. இதற்கெல்லாம் நேரான பதில் சொல்லாத வழிகாட்டி என்றால், தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வேறு ப்ராஜெக்ட் எடுக்கட்டும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேரியம் உப்பு நஞ்சு. டைமெத்தில் சல்ஃபாக்சைடு கரைப்பான் தோல் வழியாக உள்ளே போகும், தன்னில் கரைந்ததையும் கூட்டிக்கொண்டு போகும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. திரவ நைட்ரஜனை அடைத்த அறையில் ஊற்றக் கூடாது. இவ்வளவு கவனம் இருந்தால் போதும், பயம் வேண்டாம்.

இரவில் லேபில் தங்க வேண்டி வருமோ என்ற உங்கள் கவலைக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: உலையில் புரோகிராம் செய்யும் கன்ட்ரோலர் இருக்கிறதா? நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஆறினால் 900-லிருந்து இறங்க 15 மணி நேரம் ஆகும். கன்ட்ரோலர் இருந்தால் சாயங்காலம் ஆற விட்டுவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்கலாம். உலை தன் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கும்.