திரும்பி வரும் வழி

அன்புள்ள அம்மா,

மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். சோழிங்கநல்லூரில் பஸ் மாற வேண்டும். நாலு வருடமாக பஸ்தான். என்னோடு வேலை செய்பவர்கள், அதே வழியில் வருகிறவர்கள்கூட, ஆளுக்கொரு வண்டியில் வருகிறார்கள். எங்கள் டீமில் ஒரு பெண் போன மாதம் கார் வாங்கினார், சம்பளத்தில் பாதி தவணைக்கே போகிறது என்கிறார். பெட்ரோல் விற்கிற விலையில், இந்த நெரிசலில், இது ஏன்? ஜப்பானில் பெரிய அதிகாரிகளே ரயிலில் போகிறார்கள். நம் மக்களுக்குப் பொறுப்பு இல்லையா, எல்லாம் வெறும் கௌரவம்தானா? இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

நாலு வருடமாக அந்த வெயிலில் நின்று பஸ் பிடித்துப் போகிறீர்கள். முதலில் அதற்கு என் அன்பு.

பெட்ரோல் விலை அவரவர் பர்ஸுக்குத் தெரியும், நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானை விட்டுவிடுங்கள். கௌரவம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, கல்யாணப் பேச்சில்கூட வண்டி வருகிற ஊர் இது. ஆனால் கௌரவத்துக்காக யாரும் பாதிச் சம்பளத்தை மாதாமாதம் எடுத்து வைப்பதில்லை, தம்பி.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணோடு இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் முன்பு எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருந்தவர். நகரத்துக்குள் இருந்த குடும்பங்களைப் பெயர்த்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்களே, அப்படிப் பெரும்பாக்கம் போனவர். வீடு போய்விட்டது, வேலை இங்கேயே நின்றுவிட்டது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண பஸ்ஸில், அதாவது வெள்ளை போர்டு பஸ்ஸில், பெண்களுக்கு இலவசம் என்று ஆனபோது அவர் அழுதார். ஒரு வீட்டு வேலையின் கூலி பஸ்ஸுக்கே போய்க்கொண்டிருந்தது. சரி, இப்போது காசு பிரச்சினை இல்லையே, பக்கத்துத் தெருவில் சாயங்காலம் சமையலுக்குக் கேட்கிறார்களே, ஏன் போகவில்லை என்றேன். "ஏழு மணிக்கு மேல வெள்ளை போர்டு எப்ப வரும்னே தெரியாதும்மா. எறங்கினா உள்ள நடக்கணும், லைட்டு இல்ல" என்றார். அவ்வளவுதான், நல்ல சம்பளம் போனது.

ஒருவர் காலையில் எதில் கிளம்புவது என்பதை ராத்திரி எப்படித் திரும்புவோம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். இதை நான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் என்ன, ஊரே ரோட்டில் இருக்கும், கூட்டத்தோடு கூட்டமாக எதிலாவது தொற்றிக்கொண்டு போய்விடலாம். ராத்திரி பஸ் நேரத்துக்கு வருமா, ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் நடக்க பிளாட்பாரம் உண்டா, அந்தத் திருப்பத்தில் ஒரு கடையாவது திறந்திருக்குமா? பஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும், கடைசி அரைக் கிலோமீட்டருக்கு பயந்துதான் ஜனங்கள் வண்டி வாங்குகிறார்கள்.

1993-இல் நாங்கள் குரோம்பேட்டையில் இருந்தோம். எனக்கு நுங்கம்பாக்கத்தில் கணக்கு எழுதும் வேலை. தாம்பரம் லைனில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, அப்போது இன்னும் மீட்டர் கேஜ்தான். லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டே வருவார்கள், நான் ஆபீஸ் போவதற்குள் பாதி ஊர்க் கதை தெரிந்துவிடும். மாதக் கடைசியில் வேலை முடிந்து ஸ்டேஷனில் இறங்க ஒன்பதரை ஆகும். அப்பா வாசலில் சைக்கிளோடு நிற்பார். என் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டுவார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வருவார். தள்ளுகிற வேகத்தில் டைனமோ விளக்கு மினுக் மினுக்கென்று எரியும், வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடும். அதனால் ராதா நகர் கேட் தாண்டி இருட்டான இடத்தில் மட்டும் வேகமாகத் தள்ளுவார், நான் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போவேன். எனக்கு அந்த வெளிச்சம் வேண்டும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நானூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கிறேன் என்றார்கள். வேலை முடிய எட்டரை ஆகும், அப்புறம் பஸ் மாறிப் பஸ் மாறி வர வேண்டும். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்து வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். அதற்கடுத்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து படுத்தார். இரண்டு மாதம் தனியாக நடந்து பார்த்தேன். ஒரு நாள் கேட் தாண்டியதும் இரண்டு பேர் பின்னாலேயே வீட்டு முனை வரைக்கும் வந்தார்கள். மறுநாள் நுங்கம்பாக்கம் வேலையையும் விட்டேன். சோம்பேறி, திமிர் பிடித்தவள் என்று சொந்தத்திலேயே பேசினார்கள்.

2000-இல் சென்னை உயர் நீதிமன்றம், தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்ற பழைய விதியைச் செல்லாது என்றது. அப்போதே பயண வசதி தர வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. அந்த நீதிமன்றத்துக்குத் தெரிந்த விஷயம், அதே ரோட்டில் நாலு வருடம் போய் வந்த உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? கோபமாகவே கேட்கிறேன். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறீர்கள். கார் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு அப்படி நடக்க முடியுமா? அவருக்குப் பொறுப்பில்லை என்று எழுத எப்படி மனசு வந்தது?

என்ன கேட்டிருந்தீர்கள், மக்களைப் பற்றித்தானே? அடுத்த வாரம் ஒரு நாள் அவர் கிளம்புகிற நேரத்துக்கே நீங்களும் கிளம்புங்கள். சோழிங்கநல்லூரில் மாறும்போது எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், கூட நிற்பவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அவரிடமும் கேளுங்கள், கார் வாங்குவதற்கு முன்னால் ராத்திரி எப்படி வீட்டுக்குப் போனார் என்று. ஏன் வாங்கினாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.