பட்டறைக் கேள்வி பதில்: புது ஸ்பேனர் வரும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அண்ணா, டிராக்டர், பவர் டில்லர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வழக்கமாக வாங்கும் கம்பெனி, ராட்செட் (நட்டிலிருந்து கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்ப உதவும் பல்சக்கரம்) வைத்த ரிங் ஸ்பேனர்களைப் புதிதாக விடப்போகிறது என்று தை மாதமே சொன்னார்கள். விலைப்பட்டியல்கூட வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கடைக்காரரைக் கேட்டால் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம் வந்துடும்" என்கிறார். என்னிடம் இருக்கும் 12-13 மில்லி ஸ்பேனர் வாய் விரிந்துவிட்டது, நட்டில் நிற்காமல் வழுக்குகிறது. ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். காத்திருக்கட்டுமா, கடையில் இருக்கும் பழைய மாடலையே வாங்கிவிடட்டுமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தம்பி, முதலில் அந்த 12-13ஐ எடுத்துப் பழைய இரும்பில் போடுங்கள். இன்றைக்கே. வாய் விரிந்த ஸ்பேனர் நட்டின் ஆறு முனைகளையும் உருட்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு உயர்ந்த ஸ்பேனர் வந்தாலும் அந்த நட்டைப் பிடிக்க முடியாது, உளி வைத்துத்தான் உடைக்க வேண்டும். டிராக்டரில் 13 இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. எனவே 13-ல் நல்ல காம்பினேஷன் ஸ்பேனர் (ஒரு முனை வாய், மறுமுனை ரிங்) ஒன்றை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், செட்டாக வேண்டாம். சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும், மீதிப் பணம் அப்படியே இருக்கும்.

சரி, ராட்செட்டுக்கு வருவோம். நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: எந்த நட்டுக்காகக் காத்திருக்கிறீர்கள்?

டீசல் பம்ப்பை எஞ்சினோடு பிடித்திருக்கும் நட்டுகளில் உள்பக்கம், பிளாக்கை ஒட்டி ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது. இடது கை நடுவிரலால் தடவித்தான் கண்டுபிடிப்போம். ஸ்பேனரை மாட்டினால் நகர்த்த இடம் இருக்காது. சாதா ரிங் ஸ்பேனருக்கு உள்ளே பன்னிரண்டு முனை இருக்கிறது. கழற்றி அடுத்த முனையில் மாட்ட வேண்டுமானால் குறைந்தது 30 டிகிரி திருப்பியாக வேண்டும். வாய் ஸ்பேனரின் தலை 15 டிகிரி சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான். ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் புரட்டிப் போட்டு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் அதே 30 டிகிரியில் வேலை நடக்கும். 72 பல் வைத்த ராட்செட்டுக்கு 5 டிகிரி கிடைத்தால் போதும். ஸ்பேனரைக் கழற்றாமலே டிக் டிக் என்று நகர்த்திக்கொண்டு போகலாம். அப்படிப்பட்ட நட்டு வாரத்தில் நாலு தடவை உங்கள் கைக்கு வருகிறது என்றால் காத்திருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராட்செட்டின் தலைக்குள் பல்சக்கரமும் அதைத் தடுக்கும் நாக்கும் ஸ்பிரிங்கும் இருப்பதால் சாதா ரிங்கைவிடத் தலை பருமனாக இருக்கும். நகர்த்த இடம் இல்லாத நட்டுக்கு அது உதவும், நுழையவே இடம் இல்லாத நட்டுக்கு உதவாது. டீசல் பம்ப் நட்டில் சில எஞ்சினில் முதல் பிரச்சினை, சில எஞ்சினில் இரண்டாவது. செட் கடைக்கு வந்ததும் ஒரு 13ஐ மட்டும் கேட்டு வாங்கி, தலையின் வெளி அகலத்தையும் தடிமனையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். உங்கள் எஞ்சினில் அந்த இடத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருங்கள். அப்புறம், துருப்பிடித்த நட்டை முதன்முதலாக அசைக்க ராட்செட்டைப் போடாதீர்கள். அந்த முதல் இழுப்பைச் சாதா ரிங்கில் கொடுத்துவிட்டு, நட்டு இளகிய பிறகு ராட்செட்டுக்கு மாறுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு நட்டுக்காக, கையில் இருந்த நல்ல 13 ரிங்கைக் கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். நட்டில் அழகாக உட்கார்ந்தது. மூன்றாவது டிராக்டரில் ரிங் நீள்வட்டமாக விரிந்துவிட்டது. நல்ல ஸ்பேனர் குரோம் வனேடியம் எஃகு. எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றி, மறுபடி இளஞ்சூடு கொடுத்து, ராக்வெல் கணக்கில் பொதுவாக 40-க்கும் 50-க்கும் நடுவில் கடினத்தை நிறுத்தியிருப்பார்கள். நான் அதைச் சிவக்கக் காய்ச்சி, சும்மா காற்றில் ஆறவிட்டேன். பதம் போய்விட்டது. அந்த நெருப்பில் என் ஸ்பேனர் மட்டும் போகவில்லை, ஒரு விவசாயியின் பம்ப் நட்டும் உருண்டு போனது. உழவு நேரத்தில் அவர் வண்டி ஒன்றரை நாள் என் பட்டறையில் நின்றது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

கம்பெனி ஏன் இப்படி இழுக்கிறது என்றும் கேட்பீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் மேல், கீழ் என்று தனி ஜோடி டை, அதாவது அச்சு, வேண்டும். 8 முதல் 19 வரை பன்னிரண்டு அளவு என்றால் பன்னிரண்டு ஜோடி. சிவக்கக் காய்ச்சிய இரும்பை டைக்குள் வைத்துச் சம்மட்டியில் அடித்து, பிதுங்கிய விளிம்பை வெட்டி, பதம் ஏற்றி, தீட்டி, நிக்கலும் குரோமும் பூச வேண்டும். பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்கிவிடும் என்பதால், கடினமான சாமான் என்றால் பூச்சு முடிந்ததும் அடுப்பில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். இதை அவசரத்தில் விட்டால் அந்த எஃகு திடீரென்று படக்கென முறியும். ராட்செட்டுக்குச் சக்கரம், நாக்கு, ஸ்பிரிங் எல்லாம் தனி வேலை. இதில் எங்கே தடங்கினாலும் முழு செட்டும் நிற்கும். அதனால் தாமதத்துக்காக நான் கோபப்பட மாட்டேன். முடிந்த அளவுகளை மட்டும் ஒன்றிரண்டாகக் கடைக்கு அனுப்பலாமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. நானும் அந்த 13-க்கும் 17-க்கும்தான் காத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஐ.டி.ஐ.யில் படிக்கிறேன். பைக்கில் 12, 14 என்று வருகிறது. தோட்டத்து டிராக்டரில் 13, 17, 19. ஒரே தடிமன் போல்ட்டுக்கு ஏன் தலை மட்டும் வேறு வேறு? புதிதாக வரும் செட்டில் 16, 18 வேறு சேர்த்திருக்கிறார்கள். அது யாருக்கு?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: கண்ணு, நாடு நாடாக வந்த வழக்கம் இது. 8 மில்லி போல்ட்டுக்கு ஜெர்மன் வழக்கத்தில் தலை 13, ஜப்பான் வழக்கத்தில் 12. 10 மில்லி போல்ட்டுக்கு ஜெர்மனியில் 17, ஜப்பானில் 14. 12 மில்லிக்கு ஜெர்மனியில் 19, ஜப்பானில் 17. நம் ஊர் பைக்குகள் பலவும் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து வளர்ந்தவை, அதனால்தான் 12-ம் 14-ம். பிறகு வந்த சர்வதேசத் தரத்தில் 10 மில்லிக்கு 16, 12 மில்லிக்கு 18 என்று வைத்தார்கள். உங்கள் புது செட்டில் இருக்கும் 16, 18 அதற்குத்தான். 6 மில்லி போல்ட்டுக்கு மட்டும் பெரும்பாலும் எங்கேயும் 10தான். பட்டறையில் முதலில் தொலைகிற ஸ்பேனரும் அதுவே, இரண்டாக வாங்கி வையுங்கள்.

பழைய புல்லட் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதில் இங்கிலீஷ் அளவு நட்டுகள் உண்டு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறையில் ஸ்பேனர் மேல் பொறித்திருப்பது நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன். மில்லிமீட்டர் ஸ்பேனரை அதில் போட்டு நெம்ப வேண்டாம்.

கேள்வி: வாய் அதிகமாகத் திறக்கும் புது மாடல் ஸ்க்ரூ ஸ்பேனர் வருகிறதாம். அது ஒன்று வந்துவிட்டால் செட்டே தேவையில்லை என்கிறான் என் மச்சான். வீட்டு மோட்டார் வேலைக்குத்தான். காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், பழனி

பதில்: வீட்டு வேலைக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை, இப்போது கடையில் இருக்கும் பத்து அங்குல ஸ்பேனரே போதும். ஸ்வீடனில் யோஹான் பெட்டர் யோஹான்சன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு நட்டுகளுக்கு ஒரே அளவு கிடையாது, வேலைக்கு ஒரு ஸ்பேனர் செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையில் பிறந்த சாமான் இது. மச்சான் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பைப் யூனியன், ஃபுட்வால்வு மாதிரி பெரிய நட்டுகளுக்கு நன்றாக உழைக்கும். சின்ன நட்டுக்கு 10-11, 12-13 இரண்டும் தனியாக வேண்டும். திருகும்போது நகரும் தாடை நீங்கள் திருப்பும் திசையில் இருக்க வேண்டும், இழுக்கும் பலம் நிலையான தாடையில் விழ வேண்டும். திருகாணியை நட்டோடு இறுக்கி, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகே இழுங்கள்.

கேள்வி: கடைக்காரர் புது செட்டுக்கு முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டாம். தேதி போடாத சரக்குக்கு முழுப் பணம் தராதீர்கள். பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள், வேண்டுமானால் ஐந்நூறு கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்தெந்த அளவு, எத்தனை என்று அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். சரக்கு வந்தால் சட்டைப் பையில் புது 13 நட்டு ஒன்று, 17 ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். இரண்டையும் மாட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.