தொலைவிலிருந்து கூடி வேலை செய்வது: கேள்வியும் பதிலும்

திருகோணமலையில் இருந்தபடியே கொழும்பு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நிறுவன உளவியல் என் துறை. சம்பளத் தகராறும் இணைய இணைப்பும் அதற்கு வெளியே நிற்பவை.

கேள்வி (உவர்மலை): வணக்கம் சேர். வீட்டிலிருந்து மென்பொருள் பரிசோதனை வேலை செய்கிறேன். கொழும்பிலுள்ள குழுத் தலைவருக்கு அனுப்பும் செய்திகளுக்குச் சில நாட்களில் மாலைவரை பதில் வருவதில்லை. அவருக்கு என்னில் ஏதோ மனக்கசப்பு என்று தோன்றுகிறது. அப்படி இருக்குமா?

பதில்: இருக்கலாம்; ஆனால் பதில் வராததை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர வழியில்லை. வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு ஒரே வேலையைச் செய்த மாணவர் குழுக்களை ஆராய்ந்த கேத்தரின் கிராம்டன், 2001ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் விரிவாகப் பேசினார். ஒருவருடைய மௌனம் உடன்பாடாகவும் இருக்கலாம், கடும் எதிர்ப்பாகவும் இருக்கலாம். அவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம். கேள்வி அவர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஒரே அறையில் வேலை செய்தால், அவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி முகாமையாளரின் அறை வாசலில் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பதில் பிந்தியதற்கான காரணம் கேட்காமலே விளங்கியிருக்கும். தொலைவில் அந்தக் காட்சி இல்லை. சூழ்நிலை தெரியாதபோது, நம் மனம் அந்த இடத்தை மற்றவரின் குணத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது: "திமிர் பிடித்தவர்", "என்னை மதிக்காதவர்". 2022ஆம் ஆண்டு நீண்ட மின்வெட்டுக் காலத்தில் நம் பிள்ளைகள் பலரைப் பற்றி வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் செய்ததும் இதே தவறுதான். இங்கே மின்சாரம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் பதில் இல்லை என்பது மட்டுமே.

ஆகவே செய்தியிலேயே காலத்தையும் விளைவையும் எழுதிவிடுங்கள். "நாளை காலை 10 மணிக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் பழைய படிவத்தையே அனுப்பிவிடுவேன்" என்று எழுதினால் அவருடைய மௌனத்துக்கு ஒரே பொருள்தான் இருக்கும். உங்களுக்கு வரும் செய்திக்கும் "பார்த்தேன், மாலையில் எழுதுகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சுக்குச் சரி, வேலைக்குச் சரிவராது.

கேள்வி (கிண்ணியா): கூட்டம் முழுவதும் கமரா போட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. உடம்பால் ஒன்றும் செய்யாமலே மாலையில் களைத்துப்போகிறேன். இது சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021ஆம் ஆண்டு இதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல முகங்கள் மிக அருகிலிருந்து இடைவிடாமல் நம்மைப் பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தையே மணிக்கணக்கில் பார்த்திருப்பது, கமராவில் தெரியும் எல்லைக்குள் அசையாமல் இருப்பது, தலையாட்டலைக்கூட மிகைப்படுத்திக் காட்ட வேண்டிய உழைப்பு ஆகியவையே அவை. அதே ஆண்டில் 103 ஊழியர்களைக் கொண்டு நான்கு வாரம் நடத்தப்பட்ட வேறோர் ஆய்வில், கமரா போட்ட நாட்களில் களைப்புக் கூடியதும், அது பெண்களிடமும் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் அதிகமாக இருந்ததும் தெரியவந்தது. முதற்காரியமாக, உங்கள் படம் உங்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். பெரும்பாலான கூட்டச் செயலிகளில் அந்த வசதி உண்டு.

கேள்வி (நிலாவெளி): நான் பதினான்கு பேரை மேற்பார்வை செய்பவன். நீங்கள் ஒரு பக்கத்தையே பேசுகிறீர்கள். கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது சுவரோடு பேசுவது போன்றது. அவர் இருக்கிறாரா, தூங்குகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: பேசுகிறவரின் சிரமம் உண்மையானது, ஐயா. ஆனால் முகம் தெரிவதால் கவனம் இருக்கிறது என்று ஆகிவிடாது. கமராவை நேரே பார்த்தபடி வேறு சாளரத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் உங்கள் பதினான்கு பேரிலும் இருப்பார்கள். முடித்த வேலையைப் பார்த்து அளவிடுங்கள். முகத்தைப் பார்த்து அளவிட்டால் நடிக்கத் தெரிந்தவருக்கே நல்ல பெயர் கிடைக்கும்.

கேள்வி (மட்டிக்களி): நிலாவெளி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கூடம். பின்னால் மாமியார் அரிசி புடைப்பார், பிள்ளை ஓடும். சம்பளத்துக்கு என் உழைப்பைத்தான் தருகிறேன். என் வீட்டையும் காட்ட வேண்டுமா?

கேள்வி (நிலாவெளி, மீண்டும்): வீட்டை யாரும் கேட்கவில்லை, தங்கச்சி. ஆனால் சென்ற மாதம் சேர்ந்த ஒரு தம்பியின் முகத்தை இன்றுவரை நாங்கள் யாரும் காணவில்லை. அவருக்கு இடர் வந்தால் யாரிடம் வாய் திறப்பார்?

பதில்: இப்போதுதான் சண்டை பயனுள்ள இடத்துக்கு வந்திருக்கிறது. தங்கை சொல்வது நியாயம். பின்னணியை மங்கலாக்கும் வசதி கூடத்தை மறைக்கும், ஆனால் யாராவது குறுக்கே வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தை மறைக்காது. ஐயாவின் இரண்டாவது கேள்வியோ முதலாவதைவிடக் கனமானது. தவறைச் சொன்னாலும், தெரியாததைக் கேட்டாலும் தண்டனை வராது என்ற நம்பிக்கை ஒரு குழுவில் இருந்தால்தான் அது கற்றுக்கொள்ளும் என்பதை ஏமி எட்மண்ட்சன் 1999இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். பதினான்கு பேர் பார்த்திருக்கும் கூட்டத்தில், கமரா போட்டாலும் போடாவிட்டாலும், புதியவருக்கு அந்த நம்பிக்கை வந்துவிடாது. அந்தத் தம்பியைத் தனியே, இருவர் மட்டும் பேசும் அழைப்புக்கு வாரம் ஒருமுறை கூப்பிடுங்கள். உங்கள் கமராவை நீங்கள் முதலில் போடுங்கள், அவரும் போடுவார். பெரிய கூட்டத்தில் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): இரவு ஏழு மணிக்குப் பின் வேலை வாங்கினால் மேலதிகக் கொடுப்பனவு கேட்கலாமா?

பதில்: தொழில் திணைக்களத்தைக் கேளுங்கள்.

கேள்வி (அலஸ்தோட்டம்): மாதம் ஒருமுறை இரவு ரயிலில் கொழும்பு அலுவலகம் போகிறேன். அங்கும் மடிக்கணினியோடுதான் இருக்கிறேன். இந்த அலைச்சல் தேவையா? போகாவிட்டால் பதவியுயர்வு தவறிவிடுமா?

பதில்: பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன், போய்ச் செய்வதைத்தான் சொல்வேன். புருக்ஸ், லெவாவ் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், திரைவழி பேசிய இணைகள் நேரில் பேசியவர்களைவிடக் குறைவான புதிய யோசனைகளையே தந்தன. யோசனைகளில் சிறந்ததைத் தெரிவுசெய்வதில் அவர்கள் பின்தங்கவில்லை. மைக்ரோசொப்ட் ஊழியர் 61,182 பேரின் தொடர்புகளை ஆராய்ந்தவர்கள், எல்லோரும் வீட்டிலிருந்தபோது வெவ்வேறு பிரிவுகளுக்கிடையிலான தொடர்பு சுருங்கியதைக் கண்டார்கள். ஆகவே அந்த ஒரு நாளைத் திட்டம் தீட்டுவதற்கும், வேறு பிரிவினரோடு சாப்பிடப் போவதற்கும் ஒதுக்குங்கள். அறிக்கையைத் திருத்த அலஸ்தோட்டமே போதும்.

பதவியுயர்வைப் பற்றி: நிக்கலஸ் புளூமும் கூட்டாளிகளும் சீனப் பயண நிறுவனம் ஒன்றில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது, ஆனால் அந்தத் திறமைக்கு ஏற்ற பதவியுயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே நிறுவனத்தில் 1,612 பேரிடம் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்களும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். நீங்கள் முதல் வகையைச் சேர்ந்தவர். முடித்த வேலையை மாதந்தோறும் எழுத்தில் அனுப்பிவையுங்கள்.

கேள்வி (மூதூர்): என் மேலதிகாரி செய்தியைப் பார்த்துவிட்டும் பதில் போடுவதில்லை. கோபமா?

பதில்: உவர்மலைக்கு எழுதியதைப் படியுங்கள். நீல நிற அடையாளம் அவர் திறந்தார் என்பதைச் சொல்லும், மனத்தைச் சொல்லாது.

கேள்வி (சாம்பல்தீவு): பகிடியாக எழுதியதைச் சக ஊழியர் கிண்டலென்று எடுத்துக்கொண்டார். விளங்கும் என்றுதான் நினைத்தேன்.

பதில்: எழுதுகிறவர் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தம் குரலை மனத்துக்குள் கேட்டபடி எழுதுகிறார்கள், வாசிப்பவருக்கு அந்தக் குரல் கேட்காது. மின்னஞ்சலில் தொனி விளங்கும் என்று அனுப்புகிறவர்கள் அளவுக்கு மீறி நம்புவதை 2005இல் குரூகரும் எப்லியும் மற்றோரும் சோதித்துக் காட்டினார்கள். இன்றைக்கே அழைப்பெடுத்துப் பேசுங்கள். விளக்கத்தையும் எழுத்தில் அனுப்ப வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி): டொரொன்டோவில் காலை 9 மணிக்குக் கூட்டம். குளிர்காலத்தில் எனக்கு இரவு 7.30. எப்போதும் நான்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா? கமராவும் போடச் சொல்கிறார்கள்.

பதில்: நேரத்தை மாதம் மாறி மாறி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு மாதம் அவர்கள் இரவில் இருந்து பார்க்கட்டும். கமராவைப் பற்றி மேலே மூன்று பேருக்கு எழுதிவிட்டேன்.