கிண்டில் அன்லிமிடெட்ல நாம படிச்சா எழுத்தாளருக்கு எப்படி காசு போகுது?

அமேசானுக்கு மாசச் சந்தா கட்டிட்டு அதுல இருக்கற இ-புக்கை இஷ்டத்துக்கு எடுத்துப் படிக்கிறதுதான் கிண்டில் அன்லிமிடெட். பதிப்பாளர் இல்லாம எழுத்தாளரே ஏத்துற புக்குக்கு இதுல விலைக் கணக்கு கிடையாது, படிச்ச பக்கத்துக்குத்தான் காசு, ஆட்டோ மீட்டர் மாதிரி, நடுவழில இறங்கிட்டா அதுவரைக்கும்தான். அமேசான் மாசாமாசம் ஒரு தொகை ஒதுக்கி, படிச்ச பக்கங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கறதால பக்கத்துக்கான ரேட் மாறிக்கிட்டே இருக்கும். 2015 ஜூலைக்கு முன்னாடி புக்குல 10 சதவீதம் தாண்டிப் படிச்சாலே, புக்கு சின்னதோ பெருசோ, முழுத் தொகை, அதனால சிலர் குட்டிக் குட்டி புக்கா போட்டுத் தள்ளினாங்க, அதான் மாத்துனாங்க. இப்ப என்னடான்னா நிறைய பேர், அடுத்த பக்கத்தையும் நாம புரட்டணும்னு, அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போட்டு முடிக்கிறாங்க, எனக்கு அது சலிப்புதான். அப்புறம் ஃபான்ட்டைப் பெருசாக்கினா பக்கம் கூடி எழுத்தாளருக்கு நிறைய போகும்னு நினைக்காதீங்க, பக்கக் கணக்கை அமேசானே எல்லாருக்கும் ஒரே அளவுல போட்டுடுது, ரெண்டாவது தடவை படிக்கிறதும் கணக்குல சேராது.