பழைய காரின் கனத்த இரும்பு நம்மைக் காக்குமா?

பழைய கார்களின் கனத்த தகடு விபத்தில் கூடுதல் பாதுகாப்புத் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தராது என்பதே என் உறுதியான பதில். 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம், 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலே மாலிபு காரையும், இரண்டும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் வர, முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் இடிபடும்படி எதிரெதிரே மோதவிட்டது. பெல் ஏரில் ஓட்டுநர் அமரும் கூடே குலைந்து, ஸ்டீயரிங் பின்னோக்கித் தள்ளப்பட்டது. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் இல்லாத அந்த இருக்கையில், சோதனைக்காக உட்காரவைத்த பொம்மைக்குப் பதிலாக மனிதர் இருந்திருந்தால், பெரும்பாலும் பிழைத்திருக்க மாட்டார். பழைய கார்களின் அழகை மனமார நேசிக்கும் எனக்கே அந்தக் காணொளியைப் பார்த்தபோது நெஞ்சு பதைத்தது. மாலிபுவிலோ, நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முன்பகுதி மோதலின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்ள, பயணிகள் பகுதி குலையாமல் நின்றது. ஓட்டுநருக்குக் காலில் காயம் ஏற்படக்கூடும் என்ற அளவோடு முடிந்தது.